சாவி யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது உலகத்தார் யாவரும் ஒப்புக்கொண்ட நியாயம். அப்பொருளின் திறவுகோலும் அவனுக்கே உரியது என்று தனியே எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் நம் முன்னோர் காலத்தில் ஏற்பட்டதில்லை. கொத்துச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவளே இல்லத்துக்குத் தலைவி என்று நம் குடும்பங்களில் கருதப்பட்டு வந்தது. நெற்களஞ்சியத்துக்குப் பூட்டுச் செய்து கொடுத்த கொல்லன், அதன் சூட்சுமத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, "சாவி தொலைந்தால் என்னிடமே வர வேண்டும், நான் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும், வேறு எவனும் இதைத் தொடக்கூடாது" என்று நிபந்தனை விதித்திருந்தால் ஊரார் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மோட்டார் வண்டி விஷயத்தில் ஏறக்குறைய இதே நிபந்தனை இன்று நம்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. நாமும் வாய் திறவாமல் அதைச் சுமந்து வருகிறோம்.

இது பணக்காரர்களின் கவலை என்று வாசகர்கள் தள்ளிவிடலாகாது. வாடகை மோட்டார் ஓட்டிப் பிழைப்பவன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். கடன் வாங்கி வண்டி எடுத்தவன். மாதத் தவணை கட்ட வேண்டியவன். பஸ் நிலையத்துக் கூட்டத்தில் அவனுடைய சாவி காணாமற் போகிறது. மற்றொரு சாவி முன்பே கெட்டுப்போயிற்று. தெருமுனைச் சாவிக்காரர் இரும்பை அச்சாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார், கதவு திறக்கிறது, ஆனால் எஞ்சின் புறப்பட மறுக்கிறது. கம்பெனியின் ஏஜெண்டோ ஜில்லாத் தலைநகரில் இருக்கிறார். வண்டியை அங்கே இழுத்துச் செல்லக் கூலி. சாவி வெளியூரிலிருந்து வந்து சேரும் வரையில் நாட்கள். வந்த பின் ஆயிரக் கணக்கில் ரூபாய். அத்தனை நாளும் அவனுக்குச் சம்பாத்தியம் இல்லை; தவணையோ நிற்பதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு உலோகம் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடக் கூடுமானால், அது பத்திரிகைகள் ஆராயத் தக்க விஷயமே என்பது நமது அபிப்பிராயம்.

சாவிக்குள் ஒளிந்திருப்பது யாது?

விஷயத்தை ஆராயுமுன் யந்திரத்தின் தன்மையை அறிந்து கொள்வது நலம். இக்காலத்து மோட்டார் சாவி உண்மையில் இரண்டு சாவிகளாகும். ஒன்று, வெளியே தெரியும் இரும்பு அலகு. கதவுப் பூட்டின் உருளைக்குள் சிறு தகடுகள் வரிசையாக உண்டு. அலகில் வெட்டப்பட்டிருக்கும் மேடுபள்ளங்கள் அத்தகடுகளுடன் சரியாகப் பொருந்தினால் உருளை திரும்பும். இது பழைய கொல்லன் வித்தையே. இரண்டாவது, சாவியின் தலைப்பாகத்தில் புதைந்து கிடக்கும் அரிசியளவான ஒரு மின்சாரச் சில்லு. இதற்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். இதற்குத் தனியாகப் பாட்டரி வேண்டுவதில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி அமைந்த கம்பிச் சுருள், பெரும்பாலான வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அலைகளை எழுப்புகிறது. அந்த அலைகளிலிருந்தே சக்தியைப் பெற்றுச் சில்லு உயிர் பெற்றுப் பேசுகிறது.

அது பேசும் முறையும் அறியத் தக்கது. தொடக்க காலத்துச் சில்லுகள் தமக்குரிய எண்ணை மட்டும் ஒப்பித்தன. பின்னர் வந்தவை அவ்வாறல்ல. வண்டியிலுள்ள கருவி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கூறிக் கேள்வி கேட்கிறது. சில்லு தன்னுள் மறைந்திருக்கும் இரகசிய எண்ணைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடை கூறுகிறது. விடை சரியானால் எஞ்சினை ஆளும் கணக்குப் பெட்டி பெட்ரோலை விடும்; தவறானால் விடாது. இது முழுவதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகிறது. இவ்வாறு எஞ்சினைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர்.

இதன் ஆரம்பம் 1986-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தங்கள் கார்வெட் வண்டியில் அமைத்த ஏற்பாட்டில் காணப்படுகிறது. சாவியின் அலகில் மின்சாரத் தடையளவு கொண்ட ஒரு வில்லையைப் பதித்தார்கள். அந்த அளவுகள் 15 வகையே இருந்தபடியால் திருடனுக்கு அது பெருந்தடையாக நீடிக்கவில்லை. சில்லு வைத்த சாவிகள் 1990-க்குப் பிந்திய வருஷங்களில் பரவின. ஐரோப்பிய சமூகத்தார் 1995-ல் விதி செய்து, 1998 அக்டோபர் முதல் விற்பனையாகும் புதிய கார்கள் யாவற்றிலும் இக்கருவி இருந்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். ஆஸ்திரேலியா 2001-லும், கானடா 2007-லும் அதே வழியைப் பின்பற்றின.

கருவியின் நன்மையை மறுக்கவில்லை

இக்கருவியை நாம் வெறுப்பதாக எவரும் எண்ண வேண்டாம். இதனால் விளைந்த நன்மை சாமான்யமானதன்று. டச்சு நாட்டுப் பொருளாதார நிபுணர்கள் வான் அவர்ஸ், வொல்லார்ட் என்ற இருவர் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்நாட்டில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டதன் பயனாக 1995-க்கும் 2008-க்கும் இடையே கார் திருட்டு சுமார் 40 சதவிகிதம் குறைந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போலீஸ் படையைப் பெருக்காமலும் சிறைகளை விஸ்தரிக்காமலும் ஒரு சிறு சில்லு இவ்வளவு குற்றத்தைத் தடுத்தது பாராட்டத் தக்கதே.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் இக்கருவியைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. மற்றக் கம்பெனிகள் தாமாகவே அதைப் பொருத்தி வந்தன. 2015-ம் வருஷத்து மாடல்களை எடுத்துக்கொண்டால், பிற கம்பெனிகளின் வண்டி வகைகளில் 96 சதவிகிதத்தில் அது அமைந்திருந்தது. ஹூண்டாய், கியா என்ற இரு கம்பெனிகளின் வகைகளில் 26 சதவிகிதத்தில் மட்டுமே அமைந்திருந்தது. பலன் என்ன? 2021-லும் 2022-லும் சிறுவர்கள் இவ்வண்டிகளை விளையாட்டாகத் திருடி ஓட்டி, அக்காட்சிகளைப் படமெடுத்து ஊரெங்கும் பரப்பினார்கள். குறைந்தது 14 விபத்துக்களும் 8 மரணங்களும் இதனால் நேர்ந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகாவினர் 2023 பிப்ரவரியில் அறிவித்தனர். சுமார் 83 லட்சம் வண்டிகளுக்குப் பரிகாரம் தேட வேண்டியதாயிற்று. அதே கம்பெனிகள் கானடாவில் விற்ற வண்டிகளில், அங்கே சட்டம் இருந்தமையால், கருவி இருந்தது. சட்டம் இருந்த இடத்தில் கம்பெனிக்குத் தர்மம் நினைவிருந்தது. சட்டம் இல்லாத இடத்தில் மறந்து போயிற்று. இதை நமது சர்க்கார் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, இக்கருவி வேண்டுமா வேண்டாமா என்பது நமது கேள்வியன்று. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு வண்டியின் சொந்தக்காரனையும் தடுத்து நிறுத்தலாமா? அந்த இரகசிய எண் யாருடைய சொத்து? இவையே நமது கேள்விகள்.

இரகசியமே பாதுகாப்பு என்னும் வாதம்

"பூட்டின் சூட்சுமத்தை வெளியாருக்குக் கொடுத்தால் திருடர் கையில் அது அகப்பட்டுவிடும், ஆகையால் எங்கள் ஏஜெண்டுகளைத் தவிர வேறு எவருக்கும் கொடுக்க மாட்டோம்" என்று கம்பெனியார் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு இது நியாயம் போலவே தோன்றும். ஆனால் அநுபவம் வேறு விதமாயிருக்கிறது.

பூட்டு வித்தையிலும் குறியீட்டு வித்தையிலும் வல்லவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் உண்மையைக் கண்டிருக்கிறார்கள். 1883-ல் கெர்க்ஹோப்ஸ் என்ற அறிஞர், சேனைகளுக்குரிய சங்கேத முறைகளைப் பற்றி எழுதுகையில், ஒரு முறையின் அமைப்பு முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேராதபடி அது அமைந்திருக்க வேண்டும் என்றார். அஃதாவது, மறைத்து வைக்க வேண்டியது சாவி ஒன்றே. பூட்டின் அமைப்பை மறைத்து வைப்பதை நம்பிப் பிழைக்கும் பூட்டு நல்ல பூட்டன்று. நமது திண்டுக்கல் கம்மியர்களின் தொழிலும் இதையே நமக்குச் சொல்லும். மாங்காய்ப் பூட்டு இன்னவாறு செய்யப்படுகிறது என்பதைப் பட்டறைக்குப் போய் எவரும் பார்க்கலாம். பார்த்ததனால் மட்டும் பிறர் வீட்டுப் பூட்டைத் திறந்துவிட முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அத்தொழிலின் புகழ் வேலைத் திறமையால் வந்ததேயன்றி, ஒளித்து வைத்தமையால் வந்ததன்று.

மோட்டார் கம்பெனிகள் இந்த எளிய பாடத்தைப் புறக்கணித்தன. அதன் பலனும் வெளிப்பட்டது. பல லட்சம் சாவிகளில் இடம் பெற்ற டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சில்லு ஒன்றின் இரகசிய எண் 40 இலக்க அளவே கொண்டது. அதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 2005-ல் மலிவான கருவிகளைக் கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 2012-ல் ஹிடாக் 2 என்ற மற்றொரு வகைச் சில்லு சில நிமிஷங்களில் வெல்லப்பட்டது. இவற்றைக் காட்டிலும் அறியத் தக்கது மெகாமாஸ் என்னும் சில்லின் கதை. இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் சர்வகலாசாலையையும் டச்சு நாட்டு நைமேகன் சர்வகலாசாலையையும் சேர்ந்த மூவர் அதன் குறைகளைக் கண்டு, 2012-லேயே அச்சில்லைச் செய்தவர்களுக்கு அறிவித்தனர். 2013-ல் தங்கள் கட்டுரையைப் பிரசுரிக்கப் போகையில், வோக்ஸ்வேகன் கம்பெனியார் லண்டன் ஹைக்கோர்ட்டில் தடையுத்தரவு பெற்றனர். இரண்டு வருஷங்கள் கழிந்து 2015-ல், ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டுக் கட்டுரை வெளிவந்தது.

அந்த இரண்டு வருஷ மௌனத்தால் யாருக்கு லாபம்? குறையுள்ள சில்லைத் தாங்கிய வண்டிகள் வீதியில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தன் பூட்டில் குறையுண்டு என்பதை அறியாதிருந்தவன் உடையவன் ஒருவனே. அறிஞர்களின் வாயை மூடியதனால் பூட்டு பலப்பட்டுவிடவில்லை. சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும் புது மாதிரி வண்டிகளின் கதையும் இதுவே. சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் எட்டுக் கம்பெனிகளின் பத்து வகை வண்டிகளைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை வாசலில் நிற்கும் வண்டி வரையில் கடத்திச் சென்று, பத்து வகைகளையும் திறந்து காட்டினார்கள்.

நம் நாட்டு நிலைமையோ இன்னும் விபரீதமானது. சாலையோரத்தில் குடையை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரருக்குக் கம்பெனிகள் நேர் வழியில் கருவியும் விவரமும் கொடுப்பதில்லை. அவரும் வயிறு வளர்க்க வேண்டியவர். ஆகவே அங்கீகாரமற்ற அந்நியக் கருவி ஒன்றைக் கடன்பட்டு வாங்கிப் பழகிக் கொள்ளுகிறார். திருடனும் அதே சந்தைக்குப் போய் அதே கருவியை வாங்குகிறான். யோக்கியனையும் அயோக்கியனையும் ஒரே கடை வாசலில் கொண்டு நிறுத்தியது எது? கம்பெனிகள் மூடி வைத்த கதவேயன்றோ? இரகசியம் திருடனுக்குத் தடையாகவில்லை. தொழிலாளிக்கும் உடையவனுக்குமே தடையாயிற்று.

சட்டம் சொன்னதும் நடந்ததும்

இவ்விஷயத்தில் நமது தேசத்தில் நியாயம் கிடைக்கவே இல்லை என்று சொல்லமாட்டோம். 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் ஒரு முறையீடு கொண்டுவந்தார். உதிரிப் பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் கார் கம்பெனிகள் வெளிச் சந்தையில் விடாமல் தங்கள் ஏஜெண்டுகளுக்குள் அடைத்து வைத்து, ஜனங்களைத் தாங்கள் சொன்ன விலைக்குக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது அதன் சாரம். விசாரணை மூன்று கம்பெனிகளில் தொடங்கிப் பலவற்றுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்டு 25-ல் ஆணையம் 14 கம்பெனிகள் மீது குற்றம் கண்டு, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நம் நாட்டுக் கம்பெனிகளும் அந்நியக் கம்பெனிகளும் அதில் ஒன்றாகவே நின்றன. சுதேசிக் கம்பெனி என்ற பெயர் கொள்ளை லாபத்துக்கு மறைப்பாகாது என்பதை இங்கே சொல்லிவைப்பது தேசபக்தர்களின் கடமை என எண்ணுகிறோம்.

அபராதத்தைக் காட்டிலும் முக்கியமானவை ஆணையம் இட்ட கட்டளைகள். உதிரிப் பாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் வெளியாருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். வெளிப் பட்டறையில் பழுது பார்த்தான் என்ற ஒரே காரணத்துக்காக உடையவனுக்குக் கொடுத்த உத்தரவாதத்தை ரத்துச் செய்யக் கூடாது என்று அது கூறிற்று. கம்பெனிகள் தமது அறிவுச் சொத்துரிமை என்றும், பிரஜைகளின் பாதுகாப்பு என்றும் சொன்ன சமாதானங்களை அது ஏற்கவில்லை. கம்பெனிகள் மேல் வழக்காடின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு நியாயஸ்தலம் சில கம்பெனிகளின் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் குற்றம் உண்டென்ற முடிவை மாற்றவில்லை.

பின்னர் 2022-ல் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, பழுது பார்த்துக் கொள்ளும் உரிமையைப் பற்றி ஆராயக் கமிட்டி ஒன்றை நியமித்து, அவ்வருஷம் டிசம்பரில் அதற்கென ஒரு தகவல் நிலையத்தையும் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வண்டியும் ஒன்று. இவையெல்லாம் நல்ல ஆரம்பங்களே. ஆனால் தகவல் நிலையம் கம்பெனிகளிடம் வேண்டிக்கொள்ளும், கட்டளையிடாது. பிரேக் கட்டையும் எண்ணெய் வடிகட்டியும் இன்று வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. சாவியும் பூட்டும் மட்டும் "பாதுகாப்பு" என்ற திரைக்குப் பின்னே இன்னும் பத்திரமாக இருக்கின்றன. உதிரிப் பாகங்கள் யாவற்றிலும், இல்லாவிட்டால் வண்டி ஓர் அங்குலமும் நகராதது சாவி ஒன்றே. அதனாலேயே அதன்மீதுள்ள பிடியைத் தளர்த்தக் கம்பெனிகளுக்கு மனம் வரவில்லை போலும்.

பூட்டு மாற்றும் வியாபாரம்

சாவி தொலைந்தால் செய்ய வேண்டியவை இரண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. கதவுப் பூட்டை மட்டும் மாற்றினால், தொலைந்த சாவியின் சில்லு எஞ்சினைப் புறப்படச் செய்யும் வலிமையை இழப்பதில்லை. சில்லின் அடையாளத்தை மட்டும் வண்டியின் நினைவிலிருந்து அழித்தால், அதன் அலகு கதவைத் திறப்பது நிற்பதில்லை. சாவி கிணற்றில் விழுந்ததென்றால் கவலையில்லை. புதுச் சாவி ஒன்று போதும். விலாசத்தோடு கூடிய பையில் சாவியும் சேர்ந்து களவு போயிற்றென்றால், சில்லையும் அழிக்க வேண்டும். பூட்டையும் மாற்ற வேண்டும்.

ஆனால் மாற்றுவது என்றால் எவ்வளவு? ஒரு கதவின் பூட்டு மட்டும் கெட்டிருக்கையில் கதவுகள், எஞ்சின் துவாரம், பின்பெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து முழு வரிசையாக வாங்கும்படி உடையவனைக் கட்டாயப்படுத்துவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. இது எப்பொழுதும் அவசியமன்று. உருளைக்குள்ளிருக்கும் சிறு தகடுகளைக் கழற்றி, உடையவன் கையிலுள்ள பழைய சாவிக்கு ஏற்றபடி மாற்றி அடுக்கிவிட்டால், புதுப் பூட்டும் பழைய சாவிக்கே திறக்கும். கை தேர்ந்த பூட்டுத் தொழிலாளிக்கு இது கடினமான காரியமன்று. கால் காசில் முடிய வேண்டிய வேலையைக் கம்பெனி முழு வராகனுக்கு விற்கும்போது, ஜனங்கள் காரணம் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. வண்டி களவு போனால், நஷ்ட ஈடு கோருபவனிடம் எல்லாச் சாவிகளையும் கொண்டுவரும்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கேட்பது வழக்கம். மோசடியைத் தடுப்பதற்கு அது வேண்டியதே. ஆனால் கைமாறிய வண்டியை ஒற்றைச் சாவியுடன் வாங்கியவன் என்ன செய்வான்? முன்னிருந்த சொந்தக்காரன் சாவியை எங்கே போட்டான் என்பதை அவன் எவ்வாறு அறிவான்? இரண்டாவது சாவி இல்லை என்ற காரணத்தால் வண்டியையும் இழந்து ஈட்டையும் இழந்து அவன் நிற்கும்படி ஆகலாகாது.

நாம் கோருவது

குறை கூறுவதோடு நின்றுவிடுவது பத்திரிகா தர்மமாகாது. ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவை என நாம் கருதுவனவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, வண்டி விற்கப்படும்போதே சாவியின் வெட்டு எண்ணும், புதிய சாவியைப் பதிக்க வேண்டிய இரகசிய எண்ணும், முத்திரையிட்ட உறையில் உடையவனிடம் ஒப்புவிக்கப்பட வேண்டும். வண்டியோடு அவையும் அவனுடைய சொத்தாகும். இரண்டு சாவி கையிலிருந்தால் மூன்றாவதை உடையவன் தானே பதித்துக் கொள்ளும்படி சில வெளிநாட்டு வண்டிகளில் வசதி செய்திருக்கிறார்கள். இங்கே அது ஏன் முடியாது?

இரண்டாவது, பூட்டு, சாவித் தொழிலாளர்களுக்குப் போலீஸ் விசாரணையின் பேரில் லைசென்சு கொடுத்து, அவ்விதம் லைசென்சு பெற்றவர்களுக்கு நியாயமான கட்டணத்தில் கருவியும் விவரமும் கொடுக்கும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். அவர்கள் செய்யும் ஒவ்வொரு சாவிக்கும் வண்டி எண்ணும் உடையவன் அடையாளமும் பதிவாக வேண்டும். இது வீண் கற்பனையன்று. அமெரிக்காவில் பூட்டுத் தொழிலாளர்கள் பதிவு பெற்று, இவ்வகை எண்களைக் கம்பெனிகளிடமிருந்து முறையாகப் பெறும் ஏற்பாடு பல வருஷங்களாக நடந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தார் பழுது பார்க்கும் விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டுமென்று 2007-ல் விதி செய்து, பாதுகாப்பு சம்பந்தமான விவரங்களுக்கும் தகுதி பார்த்து அனுமதிக்கும் முறையைப் பின்னர் வகுத்திருக்கிறார்கள். பதிவேடு திருடனுக்குப் பகை. இருட்டிலே செய்யப்படும் சாவிக்குச் சாட்சியில்லை. பதிவேட்டில் ஏறிய சாவிக்குச் சாட்சியுண்டு.

மூன்றாவது, சாவி, பூட்டு, அவற்றைப் பதிக்கும் கூலி ஆகியவற்றின் விலைகளை ஒவ்வொரு கம்பெனியும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். வண்டி வாங்கும் முன்பே, சாவி தொலைந்தால் எவ்வளவு செலவாகும் என்பதை வாங்குபவன் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, வண்டி கைமாறும்போது 29, 30 எண்ணுள்ள பாரங்களைப் பூர்த்தி செய்கிறோமே, அவற்றில் எத்தனை சாவிகள் ஒப்புவிக்கப்பட்டன என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். இதற்குச் சர்க்காருக்கு ஒரு காசும் செலவில்லை. பின்னால் வரும் வழக்குகள் பலவற்றை இந்த ஒரு வரி தீர்த்துவிடும். சாவி தொலைந்ததைப் போலீஸாருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தெரிவித்தவனுடைய நஷ்ட ஈட்டை, சாவி இல்லை என்ற காரணத்தால் மறுக்கலாகாது என்றும் விதி செய்ய வேண்டும்.

ஐந்தாவது, இந்நாட்டில் விற்கப்படும் வண்டிகளின் சில்லுகளையும் சங்கேத முறைகளையும் நமது நிபுணர்கள் சோதிக்க வேண்டும். புனேயில் மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நமது தொழிற் கல்லூரிகளில் குறியீட்டு வித்தை கற்ற இளைஞர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். வண்டியின் பிரேக்கைச் சோதிக்கும் நாம் அதன் பூட்டை மட்டும் கம்பெனியின் வாக்கை நம்பி ஏற்பானேன்? குறை கண்டு சொல்லுகிறவனைக் கோர்ட்டுக்கு இழுக்காமல், அவனுக்கு நன்றி கூறும் நாடே பாதுகாப்பான நாடாகும்.

இவை நிறைவேறினால் திருட்டு பெருகும் என்று அஞ்சுவோர் சிலர் இருக்கக் கூடும். அவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. நிலப் பத்திரம் எழுதுவதற்கு லைசென்சு பெற்ற எழுத்தர்கள் உண்டு. மருந்து விற்பதற்கு லைசென்சு பெற்ற கடைகள் உண்டு. அபாயம் உண்டு என்பதற்காகப் பத்திரங்களையும் மருந்துகளையும் ஒரே வியாபாரியிடம் நாம் ஒப்படைத்துவிடவில்லை. ஒழுங்கு வகுத்துப் பலரிடம் விட்டிருக்கிறோம். சாவிக்கும் அதே ஒழுங்கு போதும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் விழித்தெழும் வரையில் நாம் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. இரண்டு சாவிகள் இருக்கும்போதே ஒன்று தொலைந்தால், மற்றது தொலையும் வரையில் காத்திருக்காமல் உடனே புதுச் சாவி செய்து கொள்ளுங்கள். ஒரு சாவியேனும் கையிலிருக்கையில் மற்றொன்றைப் பதிப்பது சுலபம், எல்லாம் போன பின் செலவு பன்மடங்கு. வண்டி வாங்கும்போது சாவி எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அதை வண்டிக்குள் வைக்காதீர்கள். பழைய வண்டி வாங்கினால், உங்கள் கையிலில்லாத சாவிகளின் அடையாளத்தை உங்கள் எதிரில் அழிக்கச் சொல்லுங்கள். கம்பெனி பூட்டு முழுவதையும் மாற்றச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

அந்நியனிடமிருந்து தேசத்தின் சாவியை மீட்பதற்கு நமது முன்னோர் எத்தனையோ துன்பங்களை அநுபவித்தார்கள். அவர்களுடைய சந்ததியார் தங்கள் சொந்த வண்டியின் சாவிக்காக ஒரு கம்பெனியின் வாசலில் நாட்கணக்கில் காத்துக் கிடப்பது அழகன்று. மத்திய சர்க்காரின் போக்குவரத்து மந்திரியும் நுகர்வோர் இலாகாவும் கலந்து, 2014-ல் ஆணையம் காட்டிய வழியிலே சாவிக்கும் பூட்டுக்கும் உரிய விதிகளைத் தாமதமின்றி இயற்ற வேண்டும். பூட்டு திருடனுக்காக ஏற்பட்டது. சாவி உடையவனுக்காக ஏற்பட்டது. இந்தப் பழைய நியாயத்தைப் புதிய யந்திரம் எதுவும் மாற்றிவிட நாம் இடங்கொடுக்கலாகாது.